மோர் மிளகாய்க்கு ஒரு குழு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தபோது ஒரு குழு அமைத்திருக்க வேண்டும். அமைக்கவில்லை. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, கூட்டக் குறிப்பும் இல்லை. எவனோ ஒருவன் இரண்டு கல்லை உரசிவிட்டுப் போய்விட்டான். அதன் விளைவை உலகம் இன்றுவரை அனுபவிக்கிறது. ஊருக்கு ஊர் தீயணைப்பு நிலையம் இருப்பதே அதற்குச் சாட்சி. நல்லவேளையாக, வீட்டு உபயோகத்துக்கான உணவு உலர்த்தும் இயந்திரம் மலேசியாவில், ஈப்போ நகரை ஒட்டிய எங்கள் குனோங் ராபாட்டுக்குள் நுழைந்த நேரத்தில் அப்படிப்பட்ட அவசரக்காரர்கள் யாரும் இங்கே இல்லை. நாங்கள் இருந்தோம்.

நாங்கள் என்றால் மலையடித் தாமான் குடியிருப்பாளர் நலச் சங்கம். அதன் செயலாளர் தேவன் என்பது அடியேன்தான். எங்கள் தாமான் குடியிருப்புச் சாலையில் வேகத்தடை போட வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கூடிப் பேசி வருகிறோம். அதற்குள் சாலையில் குழி விழுந்து, வண்டிகள் தாமாகவே மெதுவாகப் போகத் தொடங்கிவிட்டன. இதைச் சங்கத்தின் சாதனையாக ஆண்டறிக்கையில் சேர்த்தோம். யாரும் மறுக்கவில்லை. ஆண்டறிக்கையை யாரும் படிப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

விஷயம் என் வீட்டில்தான் தொடங்கியது. என் மனைவி குமுதா வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது அவளையும் குறைத்துவிட்டது. இனி யாரிடமும் போய் வேலை கேட்பதில்லை, சொந்தமாக ஏதாவது செய்து நிற்கப் போகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போடும் மோர் மிளகாய் எங்கள் தாமானில் பேர் போனது. அதில் ஒரு பொட்டலம் எப்படியோ முகமது இப்ராஹிம் அண்ணன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஈப்போ டவுனில் அவருக்கு மூன்று சாப்பாட்டுக் கடைகள்.

அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். குமுதா ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டதால் நானும் கேட்டேன்.

"தங்கச்சி, வாழையிலைச் சாப்பாட்டுக்கு இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். எனக்குக் குடுத்துக்கிட்டு இருந்தவரு நிறுத்திட்டாரு. மாசக் கடைசி சனிக்கிழமை ஒரு சாம்பிள் கொண்டா. எல்லாம் ஒரே பதமா காஞ்சிருக்கணும், ஒண்ணு மொறுமொறு ஒண்ணு சவசவன்னு இருக்கக் கூடாது. சரியா இருந்தா மூணு கடைக்கும் நீதான். இல்லன்னா பாகான் செராய்ல ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு, அவருக்குப் போயிரும்."

தொலைபேசியை வைத்தபோது குமுதாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வெகு நாளைக்குப் பிறகு பார்த்தேன். ஆனால் ஒரே பதம் என்பது ஈப்போவில் லேசுப்பட்ட காரியமில்லை. இங்கே காலையில் மண்டை பிளக்க வெயில் அடிக்கும். மத்தியானம் தாண்டினால் சுண்ணாம்பு மலைக்குப் பின்னாலிருந்து மேகம் எட்டிப் பார்க்கும். தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடத் தவறினால் பாதி காய்ந்த மிளகாயில் பூஞ்சை பூத்துவிடும்.

அவள் என்னிடம் வந்தாள்.

"ஏங்க, இந்தச் சனிக்கிழமை காடில என்னை டவுன்ல எறக்கி விடுறீங்களா? காயவைக்கிற மெஷின் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"என்ன மெஷின்?"

"பொட்டி மாதிரி இருக்கும். பின்பக்கம் காத்தாடி. தட்டெல்லாம் எவர்சில்வரு. சூட்டைக் கூட்டிக் கொறைச்சிக்கலாம். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற வட்ட மெஷின் வெல கம்மிதான், ஆனா அதுல கீழ்த் தட்டு கருகும், மேல் தட்டு ஈரமாவே கெடக்கும். மிளகாய்க்கு அது ஆகாது."

வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவள் கேட்டது காரில் ஓர் இடம். சாதாரணக் கணவனாக இருந்தால் சாவியை எடுத்திருப்பான். நான் பேனாவை எடுத்தேன்.

அன்று மாலையே என் வீட்டு வரவேற்பறையில் அவசரக் கூட்டம் கூடியது. "உணவு உலர்த்தும் இயந்திர ஆய்வு, தேர்வு மற்றும் பரிந்துரைக் குழு" பிறந்தது. தலைவர், சங்கத் தலைவரான தர்மேந்திரன் அண்ணன். இவருடைய அப்பா சிம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிற்க வைத்துப் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டவர். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. பெரட்டு மட்டும் போக இடமில்லாமல் மகனிடம் வந்து தங்கிவிட்டது. தொழில்நுட்ப ஆலோசகர் யுகேந்திரன். அவன் தொழில், காப்புறுதி விற்பது. ஆனால் இயந்திரங்களைப் பற்றி எக்கச்சக்கமாக வீடியோ பார்த்தவன். மூன்றாவது ஆள் நான்.

"தேவன்," என்று தலைவர் பேர் கூப்பிட்டார்.

"இருக்கேன் தலைவரே."

"யுகேந்திரன்."

"உங்க பக்கத்துலதான்ணே உக்காந்திருக்கேன்."

"கேட்டதுக்குப் பதில்."

"இருக்கேன்ணே."

"தர்மேந்திரன்," என்று கூப்பிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இருக்கேன்," என்றார். நியாயம் என்றால் அது.

குமுதாவைக் குழுவில் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. சமையல் தெரிந்தவர்கள் நடுநிலையோடு சிந்திக்க மாட்டார்கள் என்று தலைவர் சுட்டிக்காட்டினார். ஆகவே அவளுக்குப் "பயனாளி" என்ற கௌரவமான தகுதி வழங்கப்பட்டது. பயனாளி, நிகழ்ச்சி நிரலின் கடைசியில் வரும் "பிற விஷயங்கள்" என்ற பகுதியில் பேசலாம். எங்கள் கூட்டங்கள் எதுவும் அந்தப் பகுதியை எட்டியதில்லை. அதற்கு முன்பே பலகாரம் வந்துவிடும். பலகாரத்தைக் கொண்டு வருவதும் பயனாளியே.

விவாதத்தின் தரத்தை இன்று நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

"அண்ணே, கைப்பேசியிலருந்து ஆன் பண்ற மாதிரி ஒரு மாடல் இருக்கு," என்றான் யுகேந்திரன். "லூமுட்ல இருந்துகூட நம்ம வீட்டு மிளகாயைக் காயவைக்கலாம்."

"லூமுட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லண்ணே. இருந்தா."

தலைவர் சற்று யோசித்தார். "மழை நாள்ல அந்த மெஷின்ல சட்டை காயுமா?"

"சட்டை கஷ்டம்லா. தட்டுக்கு ஒரு காலுறை போடலாம்."

"எத்தனை தட்டு?"

"ஆறு."

"ஆறு எனக்கு ஆகாது. அஞ்சுதான் என் நம்பர்."

தேநீர் கொண்டு வந்த குமுதா நின்றாள். "மிளகாய்க்கு ஆறு ஆகும்ணே," என்றாள். பயனாளி நிரலுக்கு வெளியே பேசியதாகக் குறிப்பில் பதிவானது.

லூமுட் என்ற கடற்கரை ஊரின் பேர் ஒருமுறை கூட்டத்தில் அடிபட்டுவிட்டதால் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. உலர்த்தும் முறைகளை நேரில் ஆராய, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரில் மூவரும் புறப்பட்டோம். படகேறிப் பங்கோர் தீவுவரை போனோம். நெத்திலி காயும் களத்தைப் பார்வையிட்டோம். திரும்பும்போது ஆளுக்கு ஒரு பை கருவாடும், யுகேந்திரனுக்குக் கூடுதலாக வெயிலில் தோல் உரிந்த மூக்கும் கிடைத்தன. எங்கள் அறிக்கை சுருக்கமானது: "மீனவர்கள் வெயிலைப் பயன்படுத்துகின்றனர். வெயிலுக்கு உத்தரவாத அட்டை எதுவும் வழங்கப்படவில்லை. ஆகவே பரிந்துரைக்க இயலாது."

அதே ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் மழை எங்கள் அனுமதி இல்லாமல் பெய்தது. குமுதா முதல் தவணை மிளகாயை வாசல் கார் நிறுத்துமிடத்துக் கூரைமேல் பரப்பியிருந்தாள். நாற்காலி போட்டு ஏறித் தனியாளாகத் தட்டுகளை இறக்குவதற்குள் பாதி நனைந்துவிட்டது. மறுநாள் அதில் வெள்ளையாகப் பூத்திருந்ததை என்னிடம் கொண்டு வந்து காட்டினாள்.

"பாத்தீங்களா?"

"மனசைத் தளர விடாத. இது நமக்கு முக்கியமான தரவு," என்று சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அவள் மிளகாயைக் குப்பையில் கொட்டினாள். கண் கலங்கியிருந்தது. மிளகாயின் காரம் இன்னும் குறையவில்லை என்று அறிக்கையில் சேர்த்தேன்.

பிறகு சூடுபிடித்தோம். கூட்டத்துக்குமேல் கூட்டம். வட்டமா சதுரமா, காத்தாடி அடியிலா பின்னாலா, தட்டு பிளாஸ்டிக்கா எவர்சில்வரா என்று ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்தோம். முடிவில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: பெட்டி வடிவம், பின்பக்கக் காத்தாடி, எவர்சில்வர் தட்டு, கூட்டிக் குறைக்கும் சூடு. குமுதா முதல் நாளே சொன்ன இயந்திரம்தானே இது என்று சிலர் கேட்கக்கூடும். அவள் சொன்னது கருத்து. நாங்கள் சொன்னது தீர்மானம். தட்டு விஷயத்திலும் சுமுகமான தீர்வு கண்டோம். இயந்திரம் வந்ததும் ஆறு தட்டில் ஒன்றைக் கழற்றித் தலைவர் வீட்டில் பத்திரமாக வைத்துவிடுவது.

தொழிற்சாலையில் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் குமுதா இயந்திரத்தை வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அட்டைப்பெட்டியைப் பிரித்து, துடைத்து, சமையலறை மேசையில் வைத்துப் பிளக்கைக் கையில் எடுத்தாள். நல்லவேளை, நான் பார்த்துவிட்டேன்.

"பொறு. திறப்பு விழா இல்லாம எப்படி?"

"ஏங்க, பிளக்கை மாட்டினா ஓடப்போவுது. இதுக்கு எதுக்கு விழா?"

"நீ பாட்டுக்கு வீட்டு உபயோக மெஷினை வீட்டுலயே உபயோகிச்சா, சமுதாயத்துக்கு என்ன பயன்?"

அவள் பிளக்கை மேசைமேல் போட்டாள். கேள்விக்கு மேல் என்னிடம் எதுவும் இல்லைதான். ஆனால் அழைப்பிதழ் அச்சாகியிருந்தது.

விழா, அந்த வாரப் பொது விடுமுறை நாளில், தாமான் சமூக மண்டபத்தில். இப்ராஹிம் அண்ணன் சொன்ன சனிக்கிழமைக்கு அதன் பிறகு சில நாட்களே மிச்சம். குமுதா கடைசித் தவணையாக நல்ல மிளகாயாகப் பார்த்து வாங்கி, காம்பு போகாமல் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்துத் தயாராக்கியிருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்.

"பத்து மணிக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சிரணும். ஈர மிளகாயை ரொம்ப நேரம் வெளிய வச்சிருக்க முடியாது. இதும் போச்சுன்னா எனக்கு வேற வழி இல்லங்க. அந்த பாகான் செராய்க்காரருக்குத்தான் போகும்."

"பத்துன்னா பத்து," என்றேன். செயலாளரின் வாக்கு.

டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவரை அழைத்திருந்தோம். நம்மவர் விழாவில் டத்தோ வருவதற்கு முன் எதையும் தொடங்கக் கூடாது. டத்தோவும் குறித்த நேரத்தில் வந்து யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது. இரு தரப்பும் மரபைக் காத்தோம். பத்து மணி போயிற்று. பதினொன்று போயிற்று. அறிவிப்பாளர் "இன்னும் சற்று நேரத்தில்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டார். மேடையில் இயந்திரத்துக்குள் மிளகாய் வேர்த்துக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் குமுதா எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தாள். சாப்பாட்டுப் பொட்டலங்கள் ஆறிய பிறகு டத்தோ வந்தார்.

மாலை மரியாதை. டத்தோவுக்கு ஒரு பொன்னாடை. தலைவருக்கு ஒரு பொன்னாடை. எண்ணிக்கையில் பிசகு நடந்து ஒரு பொன்னாடை மிஞ்சிவிட்டது. மிஞ்சிய பொன்னாடையை மடித்து வீட்டுக்குக் கொண்டு போவது அபசகுனம். யாருக்காவது போர்த்தியே ஆக வேண்டும்.

"அக்காவுக்குப் போத்தலாமேண்ணே," என்றான் யுகேந்திரன் மெதுவாக.

"பயனாளிக்குப் பொன்னாடை கெடையாது," என்றார் தலைவர். "அப்புறம் எல்லாப் பயனாளியும் கேப்பான்."

ஆகவே இயந்திரத்துக்கே போர்த்தினோம். சாமந்தி மாலையும் போட்டோம். பார்க்க ஒரு சட்டமன்ற உறுப்பினர் உட்கார்ந்திருப்பதுபோல் கம்பீரமாக இருந்தது. டத்தோ விசையை அழுத்தினார். கைதட்டல். இயந்திரம் பொன்னாடைக்குள்ளிருந்து ஒரு முனகல் முனகிவிட்டு ஓடத் தொடங்கியது.

டத்தோ பேச ஆரம்பித்தார். நம் சமுதாயம் இந்த மிளகாயைப் போல, எவ்வளவு காய்ந்தாலும் காரத்தை விட்டுவிடக் கூடாது என்றார். குமுதா மேடை ஓரத்துக்கு வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, பின்பக்கம் காத்து போற எடம். துணியை எடுங்க."

"டத்தோ பேசிக்கிட்டிருக்காரு."

"மெஷினு மூச்சு முட்டிக்கிட்டிருக்கு."

"அவரு முடிக்கட்டும்."

சற்று நேரத்தில் கருகல் வாசம் அடித்தது. "புது மெஷின்னா முதல்ல அப்படித்தான்லா," என்று யுகேந்திரன் முன்வரிசைக்கு விளக்கினான். "வீடியோல காட்டியிருக்கான்." அவன் சொல்லி முடிப்பதற்குள் டப் என்று ஒரு சத்தம். விளக்கு போயிற்று, மின்விசிறி போயிற்று, ஒலிபெருக்கியும் போயிற்று. டத்தோ மட்டும் நிற்கவில்லை. தம் குரல் எட்டவில்லை என்பதைக் கவனிக்காமல் சமுதாயத்தை முன்னேற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது குமுதா மேடையேறினாள். நிரலில் அப்படி ஒன்று இல்லை. மாலையைக் கழற்றி வைத்தாள். பொன்னாடையை உருவி மடித்து என் கையில் கொடுத்தாள். சூடான கதவைத் திறந்து ஐந்து தட்டுகளையும் வெளியே எடுத்தாள். பிறகு டத்தோவுக்கு எதிரில் என்னிடம் கையை நீட்டினாள்.

"காடிச் சாவி."

அந்தக் குரலைத் திருமணமான நாளிலிருந்து நான் கேட்டதில்லை. கொடுத்துவிட்டேன்.

அவள் செய்தது ஒரு தனிநபரின் ஒழுங்கற்ற நடவடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். காரை மண்டபத்துக்கு எதிரே உள்ள படாங் திடலின் நடுவில், மர நிழலே விழாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். முன்கண்ணாடிக்கு அடியில், பின்கண்ணாடிக்கு அடியில், இருக்கைகளின்மேல் என்று பழைய வேட்டியை விரித்து மிளகாயைப் பரப்பினாள். ஈரக் காற்று வெளியேறக் கண்ணாடிகளை ஒரு விரல் அகலம் மட்டும் இறக்கிவிட்டாள். மூடிய கார் ஈப்போ வெயிலில் என்ன பாடுபடும் என்பது அதில் ஏறி உட்கார்ந்து அலறிய எல்லாருக்கும் தெரியும். மிளகாய்க்கு அந்தப் பாடுதான் வேண்டியிருந்தது. வெயில் நகர நகரக் காரையும் நகர்த்தினாள். சாயங்காலம் மிளகாயை எடுத்து மீதி மோரில் போட்டாள். காலையில் மறுபடியும் காருக்கு. மூன்று மணிக்கு மழை வந்தபோது அவள் ஓடவில்லை. கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, மண்டபத்து ஓரமாக நின்று தேநீர் குடித்தாள். மழை காரைக் கழுவிவிட்டுப் போனது.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. இயந்திரத்தின் மறைவு குறித்து விசாரணைக் குழு அமைத்து, நான் யுகேந்திரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கூட்டங்களுக்குப் போய்வந்தேன். "மரியாதையைத் தாங்கும் பக்குவம் இயந்திரத்துக்கு இல்லை" என்று ஏகமனதாகக் கண்டறிந்தோம். குமுதா காரில் காயவைக்கும் முறைக்கு யார் அனுமதி கொடுத்தது என்ற கேள்வியும் வந்தது. அவளிடம் யார் போய்க் கேட்பது என்பதில் ஒருமித்த கருத்து ஏற்படாததால் அது ஒத்திவைக்கப்பட்டது.

சனிக்கிழமை வந்தது. குமுதா மிளகாயைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குழுவும் உடன் சென்றது. வழி நெடுக மூவரும் தும்மிக்கொண்டே போனோம். இருக்கையில் சாய்ந்தால் முதுகு எரிந்தது. கடையில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்த நேரம். இப்ராஹிம் அண்ணன் எங்களை ஒரு மேசையில் உட்கார வைத்தார். கல்லாவில் அவருடைய மகன் தௌஃபிக் இருந்தான்.

இப்ராஹிம் அண்ணன் ஒரு கைப்பிடி மிளகாயை உள்ளே கொடுத்துப் பொரித்துக் கொண்டு வரச் சொன்னார். ஒன்றை எடுத்தார். சோற்றோடு கடித்தார். இன்னொன்று. தட்டின் அடியிலிருந்து மூன்றாவது. குமுதா முந்தானையின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன், அதை ஒளிப்பானேன்.

"ஒரே பதம்," என்றார் அவர். "எந்த மெஷின்ல போட்டது?"

தர்மேந்திரன் அண்ணன் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "மதிப்பிற்குரிய இப்ராஹிம் அவர்களே, எங்கள் குழுவின் அயராத முயற்சியால்..."

"கொஞ்சம் இருங்கண்ணே." இப்ராஹிம் அண்ணன் குமுதாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தங்கச்சி. மூணு கடைக்கும் மாசா மாசம் வேணும். நடுவுல நின்னுபோச்சுன்னா எனக்குச் சூசா, பெரிய தொல்லை. இந்த ஈப்போ மழையில உன்னால முடியுமா?"

இப்படிப்பட்ட இடத்தில் நன்றியுரை வருவது மரபு. நான் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன். யுகேந்திரன் படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினான். குமுதா எங்கள் மூவரையும் ஒரு முறை வரிசையாகப் பார்த்தாள்.

"மழையை நான் பாத்துக்கிறேன்ணே," என்றாள். "அது வர்றதுக்கு முன்னாடி மானம் இருட்டும், வந்தாலும் கொஞ்ச நேரத்துல நின்னுரும். இவங்க மூணு பேரையும் இங்கயே உக்கார வச்சு டீ குடுத்துக்கிட்டே இருங்க. மாசா மாசம் ஒரு நாள் தவறாம நான் மிளகாய் கொண்டாந்துர்றேன்."

இப்ராஹிம் அண்ணன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தௌஃபிக், இந்த மேசைக்கு மூணு தே தாரேக். தீரத் தீரக் கொண்டா."